பூசணி சூப்பில் ஊற்றிய பிரெஞ்சு ஒயின்

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன், அண்ணை. போன சனிக்கிழமை டவுனில் ஒரு பெரிய ஹோட்டலில் மதிய விருந்து. அங்கே நாற்பது பேர் பார்க்க, கோப்பையில் இருந்த நல்ல பிரெஞ்சு ஒயினை என் பூசணி சூப்பில் ஊற்றினேன். ஊற்றிக் கலக்கி, கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கிக் குடித்தேன். கொஞ்சம் சட்டையில் சிந்தியது. இன்று துவைக்க எடுத்தபோது அந்தக் கறையை முகர்ந்து பார்த்தேன். உங்கள் வீட்டு அடுப்படி மணத்தது. சட்டையைத் துவைக்காமல் மடித்து வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். வீட்டுக்காரி கேட்டால் ஊறுகிறது என்று சொல்வதாக உத்தேசம்.

நான் திருச்சிக்காரன், நீங்கள் யாழ்ப்பாணத்துக்காரர். நியூசிலாந்து வந்து, இந்தக் கிளென்ஃபீல்டில் நமக்கு நடுவே ஒரே ஒரு மரவேலி. சனிக்கிழமை மத்தியானம் ஆனால் அந்த வேலியும் கிடையாது, நான் உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருப்பேன். கிண்ணத்தின் அடியில் இரண்டு கரண்டி சூப் மிஞ்சும்போது அதில் சிவப்பு ஒயினை ஊற்றிக் குடிப்பீர்கள். சூப் இல்லாத நாளில் ரசம். ஒருமுறை பனங்கிழங்கு மாவில் காய்ச்சிய ஒடியல் கூழிலும் ஊற்றினீர்கள்; அதை நாம் இருவரும் மறந்துவிடுவது என்று ஒப்பந்தம். முதல் தடவை நான் முகம் சுளித்தபோது சொன்னீர்கள்: "இதுக்குப் பேர் சப்ரோ. நாலு அறுவடை நான் பிரான்சில ஒரு திராட்சைத் தோட்டத்தில முறிஞ்சனான். அங்க எங்கட மேசையில சூப்பை இப்பிடித்தான் முடிக்கிறது. நீரும் ஊத்தும், ஐசே."

அந்தத் தோட்டத்தின் பெயரை எழுத மாட்டேன். எழுதுகிற எழுத்தில் பாதியை வாசிக்கக்கூடாது என்பது பிரெஞ்சுக்காரர்கள் நமக்குச் செய்த சதி. ஆனால் அதன் சரித்திரம் எனக்கு என் சொந்தப் பரம்பரையைவிட நன்றாகத் தெரியும். போர்தோ பக்கத்தில், ஆறு கொண்டுவந்து கொட்டிய கூழாங்கல் மேட்டில், முதலில் துறவிகள் கொடி நட்டார்கள். பூசைக்கு என்று நட்டு, பூசை இல்லாத நாளிலும் குடித்தார்கள். பிறகு ஒரு கப்பல் வியாபாரி வாங்கினார். புரட்சி வந்து ஒரு முதலாளியின் தலை போனது. திராட்சைக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை, அந்த வருஷமும் காய்த்தது. கடைசியில் வந்ததுதான் அசல் எதிரி: கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு வேர்ப்பூச்சி. அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்து பிரான்ஸ் முழுக்கக் கொடிகளைத் தின்று தீர்த்தது. அந்தப் பூச்சியைத் தாங்கும் வேரும் அமெரிக்காவில்தான் இருந்தது. அந்த வேரில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டிப் பிழைக்க வைத்தார்கள்.

"மேல பிரெஞ்சு, கீழ அமெரிக்கா. ஆனா லேபிளில மேல்பாதியின்ர பேரைத்தான் போடுவினம்," என்பீர்கள். சொல்லிவிட்டு உங்கள் நியூசிலாந்து பாஸ்போர்ட் இருக்கும் அலமாரியைப் பார்ப்பீர்கள்.

கூழாங்கல் பகல் வெயிலைச் சேர்த்து வைத்து ராத்திரி கொடிக்குக் கொடுக்கும் என்றீர்கள். கஷ்டப்பட்ட கொடிதான் ஒயின் தரும், சுகமாய் வளர்ந்தது வெறும் இலைதான் தரும் என்று சொல்லி என் தொப்பையைப் பார்த்தீர்கள். திராட்சை வகைகளில் கபர்னே சண்டைக்காரன், மெர்லோ சமாதானம் பேச வருகிறவன். இரண்டையும் கலந்தால்தான் குடும்பம் நடக்கும். கிழட்டுக் கொடிகளின் பழம் பெரிய ஒயினுக்கு, இளசுகளின் பழம் இரண்டாம் ஒயினுக்கு. பீப்பாயில் கலங்கிய ஒயினைத் தெளிய வைக்க முட்டையின் வெள்ளைக்கரு என்று ஒருநாள் போட்டு உடைத்தீர்கள் பாருங்கள், சைவம் என்ற தைரியத்தில் ரகசியமாய் ஒயின் குடித்துவந்த நம் கோயில் கமிட்டிக்காரர் ஒருவர் இரண்டு வாரம் பீருக்கு மாறினார்.

வேலியோரம் நீங்களும் ஒரு கொடி வைத்தீர்கள். அதன் கோடியில் ஒரு ரோஜாச் செடி. நோய் வந்தால் முதலில் ரோஜாவுக்குத்தான் வரும், அதுதான் காவல்காரன், அங்கே ஒவ்வொரு வரிசை முனையிலும் அப்படித்தான் என்றீர்கள். காவல்காரனை என் வீட்டுக்காரி தினமும் பறித்துப் பிள்ளையாருக்கு வைத்தாள். திராட்சையைக் குருவிகள் பார்த்துக்கொண்டன.

இதையெல்லாம் நம்பியவன் நான் ஒருவன்தான். நம் சுழற்றியை மறந்திருக்க மாட்டீர்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் மனுகாவில் வேலை பார்க்கும் சென்னைக்காரர், ஆறு வாரம் ஆன்லைனில் ஒயின் படித்துவிட்டு அன்றிலிருந்து மோரைக்கூடச் சுழற்றிவிட்டே குடிப்பவர். ஒரு பொங்கல் விருந்தில் நீங்கள் ரசத்தில் ஊற்றியதைப் பார்த்து என் காதில் சொன்னார்: "எஸ்டேட்ல வேலை பார்த்தவன் எவனாவது ஒயினை ரசத்துல ஊத்துவானா சார்? இவர் பாரிஸ்ல பாத்திரம் கழுவியிருப்பார்." என் காதில் மட்டும் சொன்னதாகத்தான் நினைத்தேன். நான் பாலம் தாண்டி வீடு வருவதற்குள் அது கிளென்ஃபீல்டுக்கு வந்திருந்தது. உங்களிடம் ஒரு போட்டோ இல்லை, ஒரு காகிதம் இல்லை. "நான் வெட்டின கொடிக்கு என்னைத் தெரியும்," என்று மட்டும் சொல்லி, சூப்பில் இன்னும் கொஞ்சம் ஊற்றினீர்கள்.

போன குளிர்காலத்தில், உங்கள் இறுதிச் சடங்கில், அதே சுழற்றி எழுந்து, பாரிஸ் சமையல்கட்டுகளில் உழைத்து முன்னேறியவர் என்று உங்களைப் புகழ்ந்தார். பாத்திரம் கழுவுவதில் குறைவில்லை. நானே வந்த புதிதில் கழுவியவன், ஒழுங்காகக் கழுவவில்லை என்று அனுப்பப்பட்டவன். ஆனால் உங்களோடு குடும்பம் நடத்திய அக்கா என் பக்கம் திரும்பி, "அவர் பொய் சொல்லிப்போட்டுப் போயிட்டார் எண்டுதானே எல்லாரும் நினைக்கினம்," என்றார்.  

அப்புறம்தான் இந்த விருந்து. உங்கள் தோட்டத்து ஒயின்களைப் பரிமாறுகிறார்கள், கூடவே தோட்டத்து முதலாளிக் குடும்பத்து மூதாட்டி ஒருவரே வருகிறார் என்று கேள்விப்பட்டு அக்காவையும் கட்டாயப்படுத்தி அழைத்துப்போனேன். அதே மேசையில் சுழற்றி. அந்த அம்மாவிடம் உங்களைப் பற்றிக் கேட்பதற்கு ஆங்கிலத்தில் நாலு வாக்கியம் மனப்பாடம் செய்திருந்தேன். அதற்குள் சூப் வந்தது. அடியில் இரண்டு கரண்டி மிஞ்சியது. இத்தனை வருஷத்துச் சனிக்கிழமைப் பழக்கம், கை என்னைக் கேட்கவில்லை.

 சுழற்றி கண்ணை மூடிக்கொண்டார். என் வீட்டுக்காரி திரைச்சீலையின் பூ வேலையை ஆராய ஆரம்பித்தாள். அந்த அம்மா தன் இடத்திலிருந்து எழுந்து, கோப்பையும் கையுமாக நேரே எங்களிடம் வந்தார். பாதுகாவலரைக் கூப்பிடப்போகிறார் என்றே நினைத்தேன். அவரோ சுழற்றியின் கிண்ணத்தை எடுத்து, தன் ஒயினை அதில் ஊற்றி, இரண்டு கையாலும் தூக்கி ஒரே மூச்சில் குடித்தார். "ஷப்ரோ," என்றார். தங்கள் அறுவடை மேசையில் சூப்பை இப்படித்தான் முடிப்பது வழக்கம், தன் தாத்தாவும் தொழிலாளிகளோடு உட்கார்ந்து இப்படித்தான் குடித்தார் என்று அறை முழுக்கக் கேட்கச் சொன்னார். எனக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். மனப்பாடம் செய்த நாலு வாக்கியமும் ஓடிவிட்டன. அக்காவைக் கைகாட்டி, இவர் கணவர் என்றேன். அந்த அம்மா அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "அப்படியானால் அவர் எங்கள் ஆள்."

நாற்பது பேரும் ஊற்றினார்கள், அண்ணை. சுழற்றிக்கு மட்டும் ஊற்றச் சூப் இல்லை. அக்கா அவரை நிதானமாகப் பார்த்து, "அவர் சொன்னவரெல்லே," என்றார். "ஆமா மேடம். தப்பா பேசிட்டேன். சார் எஸ்டேட்தான்," என்றார் சுழற்றி, சுழற்றாமல். ஞாயிற்றுக்கிழமை வாட்ஸப் குழுவில் அவரே அறிவித்தார். திங்கட்கிழமைக்குள் நீங்கள் அங்கே மேற்பார்வையாளராகியிருந்தீர்கள். நேற்று கோயிலில் கேட்டால், பூச்சியிலிருந்து அந்தத் தோட்டத்தைக் காப்பாற்றியதே ஒரு யாழ்ப்பாணத்துக்காரர்தானாம். நான் மறுக்கவில்லை.

அக்கா சிரித்த முகத்தோடு காரில் ஏறினார். உங்கள் சூப் கிண்ணத்தை அன்றே என்னிடம் கொடுத்துவிட்டார். சனிக்கிழமைகளில் அதில்தான் குடிப்பேன். உங்கள் ரோஜாவுக்கும் நானே தண்ணீர் விடுகிறேன், பிள்ளையாருக்குப் போக மிச்சம் இருக்கும்போது.

ஒன்று மட்டும் அக்காவிடம் சொல்லவில்லை. கிளம்பும்போது அந்த அம்மாவுக்கு மறுபடி நன்றி சொல்லப் போனேன். அவர் என் சட்டைக் கறையைப் பார்த்துச் சிரித்தார். தங்கள் ஊர்ச் சமையல்காரர்கள் இந்தப் பழக்கத்தைப் பாரிசுக்கும் கொண்டுபோய்விட்டார்கள், அங்கே ரெஸ்டாரண்டுகளில் பாத்திரம் கழுவுகிறவர்கள்கூட இப்படித்தான் சூப்பை முடிப்பார்கள் என்றார்.