ஜன்னல் சீட்டில் ஒரு துண்டு

அண்ணா,

இன்று காலையும் பெங்களூர் வண்டியில் தினமும் ஏறும் நம் பெட்டியின் ஜன்னல் சீட்டில் ஒரு துண்டு கிடந்தது. இனி வரப்போகிற எவனுக்கோ போட்டுவைத்த இடம். பக்கத்தில் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகும் மேரி அக்கா வீங்கிய காலோடு நின்றுகொண்டிருந்தார். நீங்கள் கண்ணை மூடி இன்னும் ஒரு மழைக்காலம்கூட முடியவில்லை.

இந்தத் துண்டுகளை ஒழித்தவர் நீங்கள். ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டு, நிற்க முடியாதவர்களுக்கு முதல் இடம் என்றீர்கள். அதோடு, இதைப் பற்றி யாரும் பேசக் கூடாது என்றும் சொன்னீர்கள்.

"ஏண்ணா பேசக் கூடாது?"

"காலேஜைப் பாதியில வுட்டவனுக்குக் கேள்வி மட்டும் முழுசா வருது பாரு! டேய், ஏழை நாட்டுல புரட்சி பண்ண கையோட எல்லாருக்கும் மைக் குட்த்தா, மொதல்ல புடிக்கிறவன் பழைய பண்ணையாருதான். மொதல்ல சோறு. பேச்சு அப்பால."

"மைக்கைப் புடுங்கிட்டா, சோறு வரலன்னு யாருண்ணா சொல்வா?"

"இன்னாடா, நீயும் துண்டுக் கட்சியா?"

நீங்கள் பெண்களுக்கு ஒதுக்கிய சீட்டுகள் கக்கூஸ் பக்கம் இருந்தன. ஒழுகும் தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டே அவர்கள் போனார்கள். மேரி அக்கா அதை என்னிடம்தான் சொன்னார், உங்களிடம் சொல்லவில்லை. துண்டுக் கட்சி என்ற பேர் வந்துவிடுமே என்ற பயம்.

பழைய ஆட்கள் திரும்பி வருவார்கள் என்று நீங்கள் பயந்தது சரிதான், அண்ணா. நீங்கள் வராத மூன்றாம் நாளே துண்டுகள் திரும்பிவிட்டன. ஆனால் பெட்டியில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. திறக்காமல் இருக்கப் பழக்கியது நீங்கள்தானே.

இன்று அந்தத் துண்டை எடுத்து மேலே சாமான் தட்டில் போட்டேன்.

"வுடுப்பா, எதுக்கு வம்பு?" என்றார் மேரி அக்கா. கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

அடுத்த ஸ்டேஷனில் துண்டுக்காரன் ஏறினான். "இன்னா, நீதான் புது லீடரா?"

"லீடரெல்லாம் இல்ல. திட்டணும்னா நல்லாத் திட்டு. அவங்க உக்காந்துனு கேப்பாங்க."

பங்காருப்பேட்டை வரை திட்டினான். உங்களையும் சேர்த்துத்தான். வாயை மூடு என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது, சொல்லவில்லை. மேரி அக்கா அதற்குள் தூங்கிப்போயிருந்தார்.

நாளைக்கும் துண்டு கிடக்கும். நாளைக்கும் எடுக்க வேண்டும், நாளைக்கும் திட்டு வாங்க வேண்டும். இப்போதே அசதியாக இருக்கிறது, அண்ணா.