முதல் படியோடு நிறுத்தியிருக்கலாம்

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் இருக்கிறோம். அம்மாவுக்குக் கழுத்தில் தையல் பிரித்தாகிவிட்டது. சாப்பாடு கொஞ்சம் கெட்டியாகவே இறங்குகிறது. குரல்வளையை எடுத்துவிட்டார்களே தவிர அதிகாரத்தை எடுக்கவில்லை. வேண்டியதையெல்லாம் சிலேட்டில் எழுதிக் காட்டி வாங்கிக்கொள்கிறாள்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ உடனே "பரவால்லப்பா" என்பாய். அதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

ஆபரேஷனுக்கு முன்னால் அம்மா கடைக் கம்ப்யூட்டரில் பேசிப் பதிந்துவைத்தாளே, நானூற்றுச் சொச்சம் வாக்கியம், அவ்வளவும் போய்விட்டது. அவற்றை வைத்துத்தான் அவள் குரலிலேயே பேசும் கருவி செய்து தருவதாகச் சொல்லியிருந்தாய். அழித்தது நான்.

பிரிண்டர் பார்க்க வந்தவர், கம்ப்யூட்டரில் இருக்கும் லினக்ஸில் இது ஓடாது, பக்கத்திலேயே வேறொரு சிஸ்டம் போட்டுத் தருகிறேன் என்றார். தலையாட்டினேன். ஆரம்பித்துவிட்டு, பாதியில் முடியவில்லை என்று கிளம்பிவிட்டார். அப்புறம் கம்ப்யூட்டரைப் போட்டால் கறுப்புத் திரை, மூலையில் ஒரு வெள்ளைக் கோடு மினுக்குகிறது. கடையில் மெஷின் பெல்ட் நம்பர் கேட்டு நின்ற மில் மெக்கானிக், "மொதலாளி, நாடி இருக்கான்னு புடிச்சுப் பாருங்க" என்று கிண்டல் செய்தார்.

நீ ஒட்டிவிட்டுப் போன தாளைப் பார்த்தேன். கம்ப்யூட்டரைக் கிளப்பிவிடுவது பூட் ரெக்கார்டு. கிளம்பாவிட்டால் முதலில் அதை மட்டும் வெளி டிஸ்க்கிலுள்ள நகலிலிருந்து திருப்பி எழுதுங்கள், மறுபடி போட்டுப் பாருங்கள், அப்போதும் வராவிட்டால்தான் ஃபைல்கள் இருக்கும் பார்ட்டிஷன்களைத் தொட வேண்டும் என்று எழுதி, அதன் கீழே இரண்டு கோடும் போட்டிருந்தாய்.

ஒரு பேரிங் சத்தம் போட்டால் செட்டாக மாற்றச் சொல்கிறவன் நான். அப்படிச் சொல்லித்தான் இந்தக் கடையை வளர்த்தேன். எதற்கு இரண்டு தடவை மெனக்கெட வேண்டும் என்று பூட் ரெக்கார்டோடு சேர்த்து மூன்று பார்ட்டிஷனையும் நகலிலிருந்து எழுதவிட்டேன். நாற்பது நிமிடம் ஓடியது. ஸ்டாக் லிஸ்ட் திரையில் வந்ததும் மெக்கானிக்கிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டேன். அந்த நகல் நீ விடுமுறையில் வந்தபோது எடுத்தது, அம்மா பேசியது அதற்குப் பிறகு என்பது மறுநாள்தான் உறைத்தது. வாரம் ஒரு தடவை நகல் எடுங்கள் என்றாய். அம்மா முடிக்கட்டும், சேர்த்து எடுக்கிறேன் என்று நான்தான் தள்ளிப்போட்டேன்.

டிஸ்க்கிலிருந்து மீட்டுத் தருகிறவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். "பூட் ரெக்கார்டுதான் சார் போயிருக்கு. ஃபைலெல்லாம் அப்படியேதான் இருந்திருக்கும். நீங்க அதுமேலயே எழுதிட்டீங்க" என்றார். கூலிகூட வாங்கிக்கொள்ளவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பின்னறையில் பெல்ட் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்துதான் பேசுவாள். அங்கே எதிரொலிக்காது என்று அவளாகவே கண்டுபிடித்தாள். ஒரு நாள், தெளிவாக இருக்கிறதா என்று வந்து கேளுங்கள் என்று கூப்பிட்டாள். கல்லாவை விட்டு எழாமல், நீ பேசு, மெஷின் கேட்கும் என்றேன். ஒரு வாக்கியம்கூட நான் கேட்டதில்லை, மகளே.

அவளிடம் சொல்லிவிட்டேன். சிலேட்டை எடுத்தாள். "பேசினப்ப மட்டும் காதுல வாங்கினீங்களா?" என்று எழுதினாள். அதை அழித்துவிட்டு, "பொண்ணுக்கு நீங்களே சொல்லுங்க" என்று எழுதி, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

உனக்கு அவள் போனில் வாய்ஸ் மெசேஜ் அனுப்புவாளே. பத்து நிமிடம் பேசுகிறாள், கேட்கவே நேரமில்லை என்று நீகூட அலுத்துக்கொள்வாய். அவற்றில் ஏதாவது உன் போனில் மிஞ்சியிருந்தால் அழித்துவிடாதே. கருவிக்கு ஆகுமோ ஆகாதோ, எனக்கு அனுப்பு. பாதிக்கு மேல் என்னைப் பற்றிய புகாராகத்தான் இருக்கும். வெட்டாமல் அனுப்பு. உட்கார்ந்து கடைசிவரை கேட்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
அப்பா