கேணியில் நீ நீந்தியது அவருக்குத் தெரியாது

என் ஆசை அக்கா,

நேற்று நானும் அத்தானும் நகரசபையின் நீச்சல் தடாகத்துக்குப் போனோம். இந்த டென்மார்க்கில், வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, உள்ளே ஊர்ச்சனம் எல்லாம் அரைகுறை உடுப்போடு தண்ணீருக்குள் நிற்கிறது என்றால் நம்புவாயா? நிலத்துக்குக் கீழே வெகு ஆழத்தில் கிடக்கிற சுடுதண்ணீரின் சூட்டை எடுத்துத்தான் தடாகத்தைச் சூடாக்குகிறார்களாம். அத்தான் வழி முழுக்க இதைத்தான் விளங்கப்படுத்திக்கொண்டு வந்தார். கடைசியில், "அவள் இருந்திருந்தா எத்தினை கேள்வி கேட்டிருப்பாள்" என்றார்.

பார்த்தாயா? இதுதான் என் சீவியம்.

அத்தானைக் கட்டி, அவரிடம் வருவதற்கு விசாவைப் பார்த்துக்கொண்டிருந்த நீ காய்ச்சலில் போய்விட்டாய். ஆண்டுத் திவசம் முடிந்த கையோடு, "பிறத்தியில ஏன் பொம்பிளை தேடுவான், தங்கச்சியையே குடுப்பம்" என்று பெரியவர்கள் முடிவுகட்டி, என்னை விமானம் ஏற்றினார்கள். கறி வைத்தால் உன் கைப்பக்குவம் வருகிறதா என்று பார்க்கிறார். சிரித்தால் உன் சிரிப்பைத் தேடுகிறார். செத்தவளோடு போட்டி போட்டு எவள் வென்றாள்? எரிச்சல் எரிச்சலாக வருகிறது அக்கா. அவர்மேல் இல்லை, உன்மேல்தான்.

சரி, தடாகத்துக்கு வருகிறேன். பெண்கள் குளிக்கிற அறையில் நான் வழக்கம்போலப் பாவாடையை நெஞ்சுக்கு மேலே குறுக்குக்கட்டாகக் கட்டிக்கொண்டு தண்ணீரைத் திறந்தேன். அங்கே காவலுக்கு நின்ற டேனிஷ் மனுசி ஓடிவந்து, தலையை ஆட்டி, பாவாடையைக் காட்டி, சவர்க்காரத்தைக் காட்டி ஒரே சத்தம். ஒன்றும் உடுத்தாமல் தேய்த்துக் குளித்தால்தான் தடாகத்தில் இறங்க விடுவார்களாம். மற்றப் பெண்கள் எல்லோரும் பிறந்தமேனியாக நின்று சாவகாசமாகக் கதைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஐயோ, நான் சுவரைப் பார்த்தபடி குளித்த குளிப்பு! நீ என்றால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

நீச்சல் உடுப்புக்கு மேல் துவாயைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தால், ஆணும் பெண்ணும் ஒரே தண்ணீருக்குள். அத்தான் ஆழமில்லாத பக்கத்தில் நின்று கையை நீட்டினார்.

"பயப்பிடாம வாரும். நான் பிடிக்கிறன்."

இறங்கினேன். இதமான சூடு. என் இரண்டு கைகளையும் பிடித்து மெல்ல இழுத்துக்கொண்டு போனார். அந்த நேரம் அவர் என்னைத்தான் பார்த்தார் அக்கா, வேறு எவரையும் தேடவில்லை. சந்தோசத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

பிறகுதான் கேட்டார். "உம்மட அக்காவுக்கு நீந்தத் தெரியுமே? நான் ஒருநாளும் கேக்கேல்லை."

அவருக்கு எப்படித் தெரியும்? ஊரில், கீரிமலையில் பெண்கள் குளிக்கிற கேணியைச் சுற்றி மதில். உள்ளே நீ படியிலிருந்து குதித்து அந்தக் கரைக்குப் போய்த் திரும்பி வருவாய். நான் படியை விட்டு அசையமாட்டேன். "உவள் ஆம்பிளை மாதிரி நீந்துறாள் எண்டு வெளியில மூச்சும் விடாதை, கலியாணம் குழம்பிப்போகும்" என்று அம்மா என் வாயைக் கட்டிவிட்டா. கலியாணம் கட்டின பிறகு நீயாவது அவருக்குச் சொல்லியிருக்கலாமே?

எனக்கு வாய்வரை வந்தது. ஆனால் சொன்னால் அந்தத் தடாகத்துத் தண்ணீரும் உன்னுடையதாகிவிடும். என் கையைப் பிடித்தபடியே உன்னைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். உனக்குத் தெரியாது என்று பொய் சொல்லவும் மனம் வரவில்லை. "ஐயோ, கையை விட்டிடாதேங்கோ, தாண்டு போவன்!" என்று கத்தினேன். அவர் சிரித்தார். கேள்வி அப்படியே போய்விட்டது.

கோபிக்கிறாயா? இரவு எனக்கு நித்திரை வரவில்லை. நீ நீந்துவாய் என்பது இந்த நாட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் வாய் திறக்காவிட்டால் அவருக்கு அது ஒருநாளும் கிடைக்காது. அதை நினைக்கப் பாவமாகவும் இருக்கிறது, கொடுக்க மனமில்லாமலும் இருக்கிறது.

இனிக் கிழமைக்குக் கிழமை போகப்போகிறோம். அவருடைய கையை விட்டுவிட்டு நான் தனியாக அந்தக் கரைக்கு நீந்திப் போகிற அன்றைக்கு, மூச்சு வாங்க வாங்க நானே சொல்லுவேன், அக்கா என்னைவிட வடிவாக நீந்துவா என்று. இது சத்தியம். அதுவரைக்கும் அந்த மனுசனைக் கொஞ்சம் எனக்கு விடு.

உனக்குப் பின்னால் பிறந்து, உனக்குப் பின்னாலேயே வந்த
உன் தங்கச்சி
வசந்தி