பழுப்புத்தாளுக்கு அடியில் நான்கு நோட்டுகள்

நான் சொன்னேன் என்பதற்காக அந்த அத்தியாயத்தை ஏன் நீக்கினாய்? உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் உன் தம்பி கொண்டுவந்து கொடுத்த தகரப்பெட்டியை இன்று திறந்தேன். அந்துருண்டை வாசனையோடு இந்தக் கேள்விதான் முதலில் வந்தது.

மேலே உன் கரிக்கோட்டுப் படங்கள். மில்லில் நூல்கண்டுகளைச் சுற்றிக் கட்டும் பழுப்புத்தாள்களில் ஒரே முகம்: உன் எம்.ஃபில். ஆய்வுக்கு நீ எடுத்துக்கொண்ட அமெரிக்கக் கறுப்பினப் பெண் எழுத்தாளர். நம் விடுதி அறைச் சுவர் முழுக்க அவரை ஒட்டி வைத்திருந்தாய். "படம் போட்டு என்ன ஆகப்போகுது?" என்று கேட்டேன்.

"உங்களையாட்டம் ஆளுங்க மறந்துபோடக் கூடாதுல்லங்க அம்மணி" என்று சிரித்தாய்.

நம் நெறியாளர் ஒருநாள் உன்னைச் சீண்டினார். "ஏம்மா, உள்ளூர்ல எழுதறவங்கள உட்டுப்போட்டு அமெரிக்காவுக்கு எதுக்குப் போற?"

நீ நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அந்தம்மா எழுதிக் கிழிச்ச சீட்டைக்கூட அங்க பத்திரமா எடுத்து வெச்சிருக்காங்க சார். எங்க தெருவுல எழுதினவங்களுத எங்க வெச்சிருக்கீங்கன்னு சொல்லுங்க, அங்கயே போறேன்."

வாதத்துக்காகச் சொல்கிறாய் என்றே நினைத்தேன். தெருக்கூட்டும் வேலை பார்த்த உன் அம்மா, முதியோர் வகுப்பில் எழுதப் பழகி, நான்கு நோட்டுகள் நிறைய எழுதியிருந்தார். அவற்றைப் பற்றிய உன் கடைசி அத்தியாயத்தைப் பிழை பார்க்கக் கொடுத்தபோது, 'இது ஆய்வு அல்ல, குடும்பக் கதை' என்று ஓரத்தில் குறித்தேன். கூடவே நீ வைத்த நோட்டுகளைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. நீ அந்த அத்தியாயம் இல்லாமலே பைண்டிங்குக்குக் கொடுத்துவிட்டாய்.

படங்களுக்கு அடியில் அந்த நோட்டுகள் இருந்தன. இன்றுதான் படித்தேன். யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று ஒரே சாலையை மூன்று முறை கூட்டவைத்தார்களாம். வந்தவர் காரைவிட்டு இறங்கவே இல்லையாம். தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

பெட்டியில் இருப்பதையெல்லாம் நூலகத்தில் வைக்க முடியுமா என்று கேட்க, நம் கல்லூரி நூலகருக்குப் போன் செய்தேன். "படமெல்லாம் குடுங்க மேடம், கண்காட்சி வெச்சுப்போடலாம். நோட்டு பர்சனலுங்க, அது ஊட்டுலயே இருக்கட்டும்" என்றார். அன்று நான் எழுதிய குறிப்பும் ஏறக்குறைய இதேதான். படங்களையும் நோட்டுகளையும் தனித்தனியாகப் பிரித்துத் தருவதாக இல்லை என்றேன். கொண்டு வாருங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

நேற்று இதோடு நிறுத்தியிருந்தேன்; இன்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன். நூலகர் நின்றபடியே ஒரு நோட்டைப் புரட்டினார்; பிறகு உட்கார்ந்தார். மேசைக்கு வந்த மாணவியிடம், "செத்த இரு கண்ணு" என்றார். முதல் நோட்டை முடித்ததும் பதிவேட்டைத் திறந்து, 'ஆசிரியர்' என்ற கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு கேட்டார்: "அம்மா பேருங்க?"

அந்த அமெரிக்க எழுத்தாளர் பிறந்த ஊர் எனக்குத் தெரியும். உன் அம்மாவின் பெயர் தெரியவில்லை. அத்தியாயத்தில் நீ 'அம்மா' என்றே எழுதியிருந்தாய்; பெயரை நான் கேட்டதுமில்லை. உன் வீட்டுக்கு நான் ஒருமுறைகூட வந்ததில்லை.

வெளியே வந்து உன் தம்பியை அழைத்தேன்.

"மாராத்தாளுங்க" என்றார். "எதுக்குங்க்கா?"

சொன்னேன். பெயரை இன்னொரு முறை நிறுத்தி நிதானமாகச் சொன்னார். நான் உள்ளே போய்ப் பெயரைச் சொல்ல, நூலகர் எழுதிக்கொண்டார்.