அவள் பார்க்க முடியாத விளக்கு

ஐப்பசி, வியாழன் இரவு

கண்ணை மூடினால் அந்த லாரிதான் வருகிறது.

ஏழு மணிக்கு டியூஷன் முடிந்து நந்தினி சைக்கிளில் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். கம்பெனியிலிருந்து ஸ்கூட்டரில் வந்த நான், பின்விளக்கின் சிவப்பை வைத்துத்தான் என் மகள் என்று கண்டுகொண்டேன். வேகத்தடையில் சைக்கிள் குலுங்கியது. விளக்கு அணைந்தது. அதன் பிறகு அவளையே காணவில்லை, வெறும் இருட்டு. என்னைத் தாண்டிப் போன தண்ணீர் லாரி அவளை நெருங்கிய பிறகுதான் சட்டென்று ஒடித்துத் திரும்பியது.

விளக்கு அணைந்ததே அவளுக்குத் தெரியவில்லை. "கிளம்பறப்ப எரிஞ்சுதுங்கம்மா, பாத்துட்டுத்தான் ஏறுனேன்" என்றாள்.

வீட்டில் விளக்கைக் கழற்றி மேசையில் தட்டினேன். எரிந்தது. மறுபடி தட்டினேன், அணைந்தது.

"அதை ஏனுங்கம்மா அடிக்கறீங்க, பாவம்" என்று சிரித்தாள்.

போன வாரம்தான் அதில் விட்டுப்போன ஒயரை செல்போன் கடையில் பற்றவைத்து வாங்கினேன். "வெலை கம்மியான சாமானுங்க, குலுங்குனா மறுபடியும் விட்டுரும்" என்று கடைக்காரர் சொல்லத்தான் செய்தார். கம்பெனியில் ஒவ்வொரு பனியனின் தையலையும் இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்துத்தான் பாஸ் செய்கிறேன். இதை மட்டும் சார்ஜ் போட்டு, மேசையில் எரிகிறதே என்று கொடுத்துவிட்டேன். எத்தனை மாலை இருட்டாகவே வந்தாளோ.

நல்ல விளக்கு வாங்கும்வரை நானே பின்னால் வருகிறேன் என்றேன்.

"தினமுமாம்மா?"

ஆமாம் என்றேன். நாளைக்கு கம்பெனியில் ஷிப்மென்ட், சரக்கு ஏற்றும் நாள். ஒன்பது மணிக்கு முன்னால் விடமாட்டார்கள்.