உன் புகையடுப்புக்கு நான் சொன்ன குறைகள்

மச்சான்,

இன்று காலையில் பக்கத்து வீட்டுத் தம்பி வேலிக்கு மேலால் எட்டிக் கூப்பிட்டான். சென்னைப் பக்கத்துப் பிள்ளை. எந்த நேரமும் ஏதாவது ஒன்றை வாங்கிப் பெட்டி உடைத்துக்கொண்டிருப்பான். "அங்கிள், ஒரு நிமிஷம் வாங்களேன். புது கிரில் வாங்கியிருக்கேன், மரத்தூள் பெல்லட்ல எரியுறது" என்றான். நான் போவதற்கு முன்பே மணம் வந்துவிட்டது. இந்த நாட்டு மானுக்கா மரத்தின் புகை. கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் மருந்துக் கசப்பு. உனக்கு அதை நான் விளக்கத் தேவையில்லை. ஒரு காலம் உன் சேட்டுகளில் அதைத் தவிர வேறு மணமே இருந்ததில்லை.

அவன் மூடியைத் திறந்து காட்டினான். ஒரு பக்கத்தில் பெல்லட் என்கிற மரத்தூள் குச்சிகளைக் கொட்டும் பெட்டி, அடியில் அவற்றைத் தள்ளிக்கொண்டு போகும் திருகு, நடுவில் நெருப்புக் கிண்ணம், அதற்கு மேலே சூட்டைப் பரப்பும் தகடு. லின்ஃபீல்டில் இருந்த உன் வீட்டுக் கராஜுக்குள் நீ செய்தது எதுவோ அதுவேதான். என் கை தானாகப் போய் மூடியைத் தட்டியது. "எப்படி அங்கிள்? குடுத்த காசுக்குத் தகுமா?" என்று கேட்டான். "நல்ல சாமான், தம்பி. அருமையான சாமான்" என்றேன். அத்தனையும் பொய். மூடி வெறும் பிஸ்கட் டின் தகடு, கதவு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது, பெயின்ற் இப்போதே கொப்புளிக்கப் பார்க்கிறது. ஆனால் நான் இப்போதெல்லாம் யாருடைய சாமானுக்கும் குறை சொல்வதில்லை. ஏன் என்று அவனுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எனக்கு வேலை கிடைத்திருந்தது, உனக்குக் கிடைக்கவில்லை. இருவரும் ஒரே வகுப்பில் பொறியியல் படித்தவர்கள். பரீட்சைக்கு முன்பு எனக்கு விளங்கப்படுத்தியவன் நீ. அப்படியிருக்க நான் குளிர்சாதனப் பெட்டி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரம் பார்ப்பவனாகச் சேர்ந்தேன். குறை கண்டுபிடிக்கச் சம்பளம். "உனக்கு ஏத்த வேலைதான். என்ர கலியாணத்திலயே பந்தல் கோணல் எண்டு சொன்ன ஆளடா நீ" என்று சிரித்தாய். நீ த்ரீ கிங்ஸ் கடைத்தொகுதியில் சுப்பர்மார்க்கெட் தட்டுகளுக்குச் சாமான் அடுக்கிக்கொண்டிருந்தாய். விண்ணப்பித்த இடமெல்லாம் ஒரே கேள்வி: இந்த நாட்டில் வேலை செய்த அனுபவம் உண்டா? வேலை தந்தால்தானே அனுபவம் வரும் என்று ஒருநாள் தொலைபேசியிலேயே கேட்டுவிட்டாய். அந்தப் பக்கம் இருந்த பெண் மிகவும் பண்பாக வைத்துவிட்டாள்.

சனிக்கிழமைகளில் நீ வேலை முடிந்து வரும்போது நான் வாசலில் நிற்பேன். பக்கத்துச் சாமான் கடைக்குள் போய், வரிசையாக நிறுத்தியிருக்கும் பார்பிகியூ அடுப்புகளைப் பார்ப்போம். வாங்குவதற்கல்ல, திட்டுவதற்கு. நீ மூடியைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்பாய், கதவை மூடித் திறப்பாய், குந்தியிருந்து கால்களைப் பார்ப்பாய். "இந்தக் காலைப் பார். ஒரு ஆட்டுத் தொடையை மேல வச்சா இது தன்ர காலை மடிச்சுக்கொண்டு படுத்திடும்" என்பாய். காஸ் அடுப்பு உனக்கு அடியோடு பிடிக்காது. "காஸில சுடுறதெண்டா உள்ளுக்க குசினியிலயே சுடலாமே. இறைச்சிக்குச் சூடு மட்டும் காணாது மச்சான், புகை வேணும்." கரியடுப்பில் புகை உண்டு, ஆனால் ஓர் ஆள் அதற்குக் காவல் நிற்கவேண்டும். விலையைப் பற்றியும் உனக்கு ஒரு தீர்ப்பு இருந்தது. "மலிவோ விலையோ எண்டு வாங்கேக்க தெரியாது. துருப் பிடிக்கேக்கதான் தெரியும்." கடையில் நின்ற பெண் எங்களைக் கண்டதுமே பூச்செடிப் பக்கம் போய்விடுவாள்.

பிறகு நூலகத்தில் ஓர் அமெரிக்கச் சஞ்சிகை உன் கையில் அகப்பட்டது. மரத்தூளை அழுத்திச் செய்த சிறு குச்சிகளில் எரியும் அடுப்பின் படம் அதில் இருந்தது. "இஞ்ச பார், விறகும் தானாப் போகுது, காத்தும் தானாப் போகுது. ஆள் நிக்கத் தேவையில்லை. புகையும் இருக்கு" என்று அந்தப் பக்கத்தை என் மூக்குக்கு முன்னால் பிடித்தாய். இந்த நாட்டில் அப்படி ஒன்றை ஒருவரும் விற்கவில்லை. அதனால் நீ செய்யத் தொடங்கினாய். பழைய கார் ஒன்றின் வைப்பர் மோட்டர், இறைச்சி அரைக்கும் மெசினின் திருகு, வாடகைக்கு எடுத்த வெல்டிங் செற். விறகு அரிந்து விற்கும் இடத்திலிருந்து மானுக்காத் தூள் அள்ளிவந்து, கோழித்தீன் ஆலைக்காரர் ஒருவரை எப்படியோ பிடித்து, தீன் அழுத்தும் இயந்திரத்திலேயே அதைக் குச்சியாக்கினாய். "இவர் கோழிக்குத் தீன் போடுற இடத்திலயே கோழி சுட விறகு எடுக்கிறார்" என்று உன் மனைவி வந்தவர் போனவருக்கெல்லாம் சொல்லிச் சிரித்தா.

நீ செய்வாய், நான் குறை சொல்வேன், நீ திருத்துவாய். எங்களுக்குள் அதுதான் ஒழுங்கு. கதவுக்கு இடையில் ஒரு தாள் துண்டை வைத்து மூடி, இழுத்துப் பார்ப்பேன். இலகுவாக வந்தால் கதவு சரியில்லை. நீ முறைப்பாய், ஒரு வார்த்தை தூஷணமும் சொல்வாய், அடுத்த கிழமை போனால் கதவு சரியாகியிருக்கும். தகடு தடிப்பு காணாது என்றேன், மாற்றினாய். ஒரு பக்கம் கருகுகிறது என்றேன், சூடு பரப்பும் தகட்டைச் சரித்து வைத்தாய். முதன்முதலாக அது ஒழுங்காக எரிந்த நாளில் நாங்கள் சுட்டது கத்தரிக்காய்தான், வெள்ளிக்கிழமை என்றபடியால். அந்தச் சம்பலைப்போல் ஒன்றை நான் அதற்குப் பிறகு தின்னவில்லை. அதை உனக்கு அன்றைக்குச் சொன்னேனா என்றால், இல்லை. உப்புக் கூட என்றுதான் சொன்னேன்.

பாபகூராவில் விறகடுப்பு செய்யும் சிறிய பட்டறை ஒன்று இருந்தது. அங்கே வடிவமைப்புக்கு ஓர் ஆள் தேவை என்று கேள்விப்பட்டு, அடுப்பின் படங்களை எடுத்துக்கொண்டு ரயிலேறிப் போனாய். முதலாளி வெள்ளைக்காரர், பெரிய கைகள், குறைந்த பேச்சு. உன் அனுபவத்தைக் கேட்காமல் படங்களையே பார்த்துக்கொண்டிருந்தாராம். "ஞாயிற்றுக்கிழமை வந்து நேரில பாக்கிறன் எண்டவர்" என்று நீ சொன்னபோது உன் குரல் வேறாக இருந்தது. நாடு விட்டு வந்த பிறகு உன் படிப்பை ஒருவர் திரும்பிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அந்த வேலை கிடைத்தால் நீ மறுபடியும் பொறியியலாளன். கிடைக்காவிட்டால் சுப்பர்மார்க்கெட் தட்டு. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் அன்று உன் வீட்டுக்கு வந்தேன்.

அவர் வந்தார். நீ காலையிலேயே கோழியை வைத்துவிட்டிருந்தாய், வறுத்த மிளகாய்த்தூள் தடவி. கேட்டுக் கேட்டு இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டார். அடுப்பைச் சுற்றி வந்தார். குனிந்து திருகைப் பார்த்தார். இது மிக நன்றாக இருக்கிறதே, எல்லாம் நீயே செய்தாயா என்று கேட்டார். நீ தலையைச் சொறிந்துகொண்டு, பெரிதாக ஒன்றுமில்லை, சும்மா பொழுதுபோக்குக்குச் செய்தது, பழைய சாமான்கள்தான், வேலைப்பாடும் அவ்வளவு சரியில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னாய்.

எங்கள் ஆட்கள் வேறு எப்படிச் சொல்வார்கள்? பத்துக் கறி சமைத்து வைத்துவிட்டு, ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை, குறை நினைக்காமல் சாப்பிடுங்கோ என்போம். பிள்ளை வகுப்பில் முதலாவதாக வந்தால், ஏதோ படிக்கிறான் என்போம். தன் பொருளைத் தானே புகழ்ந்தால் நாவூறு படும், பார்க்கிறவருக்கும் அசிங்கம். வந்தவர்தான் சும்மா சொல்லாதேங்கோ என்று மறுத்துப் புகழவேண்டும். அதுதானே முறை.

அந்த மனிதர் என் பக்கம் திரும்பினார். நீ அவரிடம் முன்பே சொல்லியிருக்கிறாய், நான் தரம் பார்ப்பவன் என்று. உண்மையாகச் சொல், நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டார்.

நான் என்னையும் அந்த வீட்டு ஆளாகத்தான் நினைத்துக்கொண்டு நின்றேன். அந்த அடுப்பில் என் தாள் துண்டும் இருந்தது, என் சனிக்கிழமைகளும் இருந்தன. ஆகவே வீட்டு ஆள் சொல்வதையே சொன்னேன். பெட்டி மூடிக்குள் மழை போகும் என்றேன். இந்த ஊர் ஈரத்துக்குக் குச்சிகள் ஊதித் திருகு இறுகிவிடும் என்றேன். கதவால் இன்னும் கொஞ்சம் புகை போகிறது என்றேன். பகிடியாக, என் மேசைக்கு வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன் என்றும் சொல்லிச் சிரித்தேன். அவர் இனி மறுப்பார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஃபெயர் இனஃப்" என்றார் அவர். நீ சொல்வது நியாயந்தான் என்பதை இந்த ஊர்க்காரர் அப்படித்தான் சொல்வார்கள். பிறகு மறுபடியும் அடுப்பைச் சுற்றி வந்தார். இம்முறை கதவின் இடைவெளியை மட்டும் பார்த்தார்.

சில நாள் கழித்து உனக்குத் தொலைபேசி வந்தது. நல்ல முயற்சி, இன்னும் கொஞ்சம் அனுபவம் உள்ள ஒருவரை எடுத்துவிட்டோம் என்றார்களாம். நான் ஓடி வந்தேன். உன் கராஜ் வாசலில் நின்றேன். "நீ சொன்னது எல்லாம் சரிதானே மச்சான். குறை இருந்தது, சொன்னாய்" என்றாய். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நீ மெத்தப் பொறுமையாக ஒரு திருகாணியைக் கழற்றிக்கொண்டிருந்தாய்.

எனக்குப் பொறாமை இருந்ததா என்று இத்தனை காலமாக என்னையே கேட்டுப் பார்க்கிறேன். இருந்தது. என்னைவிட நீ கெட்டிக்காரன் என்பது எனக்குப் படிக்கும்போதே தெரியும். இந்த நாட்டில் ஒரு சில வருடங்கள் நான் உனக்கு ஒரு படி மேலே நின்றேன், அது எனக்குப் பிடித்துமிருந்தது. வெள்ளைக்காரர் ஒருவர் உன்னை விட்டு என்னைப் பார்த்து நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டபோது நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. அந்த நிமிர்வு எவ்வளவு, எங்கள் வழக்கம் எவ்வளவு என்று என்னால் இன்றுவரை பிரித்தெடுக்க முடியவில்லை.

அடுத்த கிழமையே நான் சொன்ன குறை எல்லாவற்றையும் திருத்திவிட்டு என்னைக் கூப்பிட்டாய். பெட்டி மூடிக்கு ரப்பர் விளிம்பு, கதவுக்குப் புதுக் கொளுவி. "இப்ப பாருங்கோ, இன்ஸ்பெக்டர் ஐயா" என்றாய். நான் பார்க்காமலே எல்லாம் திறம் என்றேன். நீ என் முகத்தைப் பார்த்தாய். "தாளை வச்சு இழுத்துப் பாக்கேல்லையே?" என்று கேட்டாய். தேவையில்லை என்றேன். அன்றிலிருந்து உன் கோழி திறம், உன் வீடு திறம், நீ பஸ் ஓட்டப் போனதும் திறம். "குறை சொல்லடா" என்று எத்தனையோ தரம் கேட்டாய். பிறகு கேட்பதையும் விட்டுவிட்டாய். வேலையும் போய், உன்னிடம் உள்ளதை உள்ளபடி சொல்ல இருந்த ஒருவனும் உனக்கு இல்லாமல் போனான். நீங்கள் வீடு மாறியபோது அடுப்பைப் புதிதாக வந்தவர்களுக்கே விட்டுவிட்டுப் போனாய். அதன் பிறகு நீ ஒன்றும் செய்யவில்லை. கடைகளில் அடுப்புப் பக்கம் போனாலும் மூடியைத் தட்டவில்லை.

போன மாதம் உன் முப்பத்தோராம் நாள் கருமத்துக்கு, அந்தியேட்டிக்குப் போயிருந்தேன். ஐயர் போய், சாப்பிட்டவர்களும் போய், நான் கதிரைகளை மடித்துக்கொண்டிருந்தேன். உன் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து தந்துவிட்டுப் பக்கத்தில் இருந்தா. பழைய கதைகள் கதைத்தோம். கோழித்தீன் கதை வந்தது, சிரித்தா. பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமைக் கதையும் வந்தது.

"அண்டைக்கு விடிய எனக்குச் சரியான பயம், அண்ணை" என்றா. "வெள்ளைக்காரனுக்கு எங்கட கதை விளங்குமோ, கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கோவன், நல்லாச் செய்திருக்கிறன் எண்டு வாய் திறந்து சொல்லுங்கோவன் எண்டு கேட்டனான். அதுக்கு அவர், என்ர வாயால அதைச் சொல்ல எனக்கு ஏலாது, நான் குறைச்சுத்தான் சொல்லுவன், அவன் நிப்பான்தானே, அவன் சொல்லுவான் எண்டவர். லேசில நல்லதெண்டு சொல்லாதவன் சொன்னாத்தான் அவங்களும் நம்புவாங்கள் எண்டவர்."

குத்திக் காட்டச் சொல்லவில்லை. அவவுக்கு அது பழைய கதைகளில் ஒன்று. "தேத்தண்ணி ஆறப்போகுது, குடியுங்கோ" என்றா. ஓம் என்றேன். குடித்தேன்.

மச்சான், நீ அன்றைக்கு உன்னைக் குறைத்துச் சொல்லிவிட்டு என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாய். மறுத்துப் புகழ வேண்டியவன் அந்த வெள்ளைக்காரன் அல்ல, நான். நானோ அவன் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உன் வீட்டுக்குள் ஒருவனாக என்னை எண்ணிக்கொண்டதுதான் என் வாழ்க்கையில் எனக்கிருந்த பெருமை. அந்த ஒரு மத்தியானத்துக்கு மட்டும் நான் உனக்குப் பிறத்தியானாக இருந்திருக்கலாம்.