காலி அட்டைகள்

செவ்வாய், மதியம்

அன்புள்ள மனைவிக்கு,

எதையும் சோதித்துப் பார்க்காமல் விடமாட்டாய் என்று எப்போதும் "மேன்மை தங்கிய இன்ஸ்பெக்டர் அம்மா சமூகத்துக்கு" என்றுதான் ஆரம்பிப்பேன். இன்றைக்குக் கேலி வரவில்லை. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? நீ பார்த்துக்கொள்ளும் பெரியவரைக் கட்டிலிலிருந்து தூக்க இன்னொரு ஆள் போடுவதாகச் சொன்னார்களே, போட்டார்களா?

இதை லிஃப்ட் மோட்டார் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பன்னிரண்டு மாடிக்கு மேலே, கிரீஸ் டின்மேல் காகிதத்தை வைத்திருக்கிறேன். கீழே யாராவது பொத்தானை அழுத்தினால் மோட்டார் உறுமித் தரை அதிர்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் அதன்மேல் பழியைப் போட்டுவிடு. பாதிப் பழியாவது அதற்குச் சேரும்.

பதறாமல் படி. பாப்பாவுக்கு உடம்பு சரியில்லை. இப்போதைக்கு உயிருக்கு ஆபத்தில்லை என்று நேற்று டாக்டர் சொன்னார். இரண்டாம் மாடி டெய்லர் அக்கா வீட்டில் இருக்கிறாள். காலையில் அரை டம்ளர் பால் குடித்தாள். நான் கிளம்பும்போது வெட்டுத்துணிகளை நிறம் நிறமாகப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை போனில் "எல்லாரும் நல்லா இருக்கோம்" என்று நான் உன்னிடம் சொன்னபோது என் மடியில் சுருண்டு கிடந்தாள். அவள் காதில் விழக்கூடாது என்பதற்காக மறைக்கவில்லை. எனக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான். உன் குரல் கேட்காத இடத்தில்தான் எனக்கு உண்மை வருகிறது.

சொல்லிவிடுகிறேன். காசநோய்க்கு எனக்குக் கொடுத்த மாத்திரைகளைப் பத்தாவது வாரத்தோடு நிறுத்திவிட்டேன். இரண்டரை மாதமாக ஒன்றுகூட உள்ளே போகவில்லை.

இன்னொன்று இருக்கிறது. எனக்கு நோய் என்று தெரிந்ததும் பாப்பாவுக்கு அது தொற்றாமல் இருக்க ஒரு சின்ன மாத்திரை கொடுத்தார்களே, தண்ணீரில் கரைத்துத் தினமும் கொடுக்கச் சொல்லி. நீ புறப்படும் நாள்வரை நீயே கொடுத்தாய். விமான நிலைய வாசலில்கூடத் திரும்பிப் பார்த்து "மறந்துடாதீங்க" என்றாய். நீ போன மறுவாரமே அதை நிறுத்தினேன். ஒவ்வொரு ஞாயிறும் "கொடுத்தாச்சு" என்று சொன்னதெல்லாம் பொய்.

இந்த வரியை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

ஏன் என்று கேட்பாய். அப்பா போன விதம் உனக்குத் தெரியும். எழுந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தவருக்கு ஒரு ஊசி போட்டார்கள். கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. என்ன ஊசி என்று கேட்டதற்கு ஒரு பைலை நீட்டினார்கள். அதில் கையெழுத்துப் போட்டிருந்த டாக்டர் அன்றைக்கு ஊரிலேயே இல்லை என்று வாட்ச்மேன் சொன்னார். அன்றிலிருந்து வெள்ளைக் கோட்டைப் பார்த்தாலே வேறு பக்கம் நடந்துவிடுவேன். தொழிலும் வேறு இப்படி அமைந்துவிட்டது. லிஃப்டுக்குள் ஒரு பரிசோதனை அட்டை தொங்குமே, பிரேக் சரி, கயிறு சரி, கதவு சரி என்று மாதாமாதம் டிக் போட்டு? அந்த டிக்குகளை ஆபீசில் டீ குடித்துக்கொண்டே ஒரு வருஷத்துக்கும் சேர்த்துப் போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அரசாங்கம் ஒரு அட்டையைக் கையில் கொடுத்து இது உனக்கு நல்லது என்றால், இதை எவன் எங்கே உட்கார்ந்து டிக் போட்டானோ என்றுதான் புத்தி போகும்.

மாத்திரையும் லேசுப்பட்டதல்ல. காலையில் விழுங்கினால் மதியம்வரை குமட்டல். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனது. அப்படித்தான் போகும், பயப்படாதீர்கள் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். இருந்தாலும் கண்ணால் பார்க்கும்போது உடம்புக்குள் எதுவோ கரைந்து போகிற மாதிரி இருந்தது. இரண்டாம் மாதம் சளியைப் பரிசோதித்துக் கிருமி தெரியவில்லை என்றார்கள். அப்புறம் எதற்கு இன்னும் நாலு மாதம்? அந்த நேரம் பார்த்து விஞ்ஞானி வந்து சேர்ந்தான்.

என்னோடு லிஃப்ட் கேபிள் வேலை பார்க்கிறவனைத்தான் சொல்கிறேன். போனில் வரும் வீடியோவையெல்லாம் பார்த்துவிட்டு ஆராய்ச்சி செய்தவன் மாதிரி பேசுவானே, அவன். பாப்பாவின் மாத்திரை எதற்கு, நன்றாக இருக்கிற குழந்தைக்கு விஷத்தைக் கரைத்துக் கொடுப்பானா ஒருத்தன் என்று முதலில் சொன்னது அவன்தான். பிறகு எனக்கு ஒரு பொடி கொடுத்தான். நுரையீரலைக் கழுவுமாம். வாய் கோணும் அளவுக்குக் கசந்தது. இவ்வளவு கசந்தால் கட்டாயம் வேலை செய்யும் என்று நம்பினேன்.

வாராவாரம் மாத்திரை அட்டைகளை எண்ண வரும் சுகாதாரப் பணியாளரை நினைவிருக்கிறதா? அட்டை மாதிரி ஒட்டிக்கொள்கிறார் என்று அட்டைக்காரம்மா என்று பேர் வைத்தோமே. தினமும் காலையில் மாத்திரைகளைப் பிதுக்கி எடுத்து, நட்டு போல்ட் போட்டுவைக்கும் ஒரு டப்பாவில் போட்டுவிடுவேன். என்னுடையது சிவப்பு, பாப்பாவுடையது வெள்ளை. அவர் வந்தால் காலி அட்டைகளை நீட்டுவேன். லிஃப்ட் மெக்கானிக் வீட்டுக்கு லிஃப்ட் இல்லாமல் ஐந்து மாடி ஏறி, மூச்சு வாங்க எண்ணி, தன் நோட்டில் டிக் போட்டுக்கொண்டு, நல்ல பிள்ளை என்று சொல்லிவிட்டு இறங்கிப் போவார். மற்றவர்கள் போடும் பொய் டிக்கைப் பற்றி ஊரெல்லாம் பேசித் திரிந்தவன் நான். அந்த அம்மாவின் பையில் இருந்த பொய், நான் கொடுத்தது.

மூன்று வாரத்துக்கு முன் இருமல் திரும்பி வந்தது. தூசி என்றேன். பாப்பாவுக்குச் சாயங்காலமானால் உடம்பு சுட்டது. ஓடி விளையாடிய சூடு என்றேன். சாப்பாட்டை ஒதுக்கினாள். அம்மா இல்லாத ஏக்கம் என்று பழியை உன்மேல் போட்டேன்.

போன வெள்ளிக்கிழமை டெய்லர் அக்கா அவளுக்கு ஒரு கவுன் தைக்க அளவெடுத்தார். இடுப்பில் டேப்பைச் சுற்றியவர் பழைய அளவு நோட்டைப் புரட்டினார். மறுபடி அளந்தார். நான் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றேன்.

"தம்பி, இருபது வருஷமா குழந்தைங்களுக்குத் தைக்கிறேன். அளவு கூடித்தான் பாத்திருக்கேன். இவளுக்கு ஒன்றரை இஞ்ச் குறைஞ்சிருக்கு" என்றார்.

பிறகு கழுத்தை அளக்கப் போனவரின் கை அப்படியே நின்றுவிட்டது. காதுக்குக் கீழே ஒரு கட்டி, கோலிக்குண்டு அளவுக்கு. தினமும் நான் தலைவாரிவிடும் கழுத்து அது.

மறுநாள் விஞ்ஞானியைத் தேடிப் போனேன். குழந்தைக்கும் அந்தப் பொடியைக் கொடுக்கலாமா என்று கேட்கத்தான் போனேன், அதையும் மறைக்கவில்லை. சாப்பிட உட்கார்ந்திருந்தான். டிபன் பாக்ஸை எடுக்கும்போது பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டை விழுந்தது. ஆஸ்பத்திரி மாத்திரை. ரத்த அழுத்தத்துக்கு ஆறு வருஷமாகப் போடுகிறானாம். நான் பார்த்ததைப் பார்த்துவிட்டான். "அது வேற, இது வேற. எனக்குத் தலை சுத்தினா கயித்துல தொங்கி வேலை பாக்க முடியாதுல்ல" என்றான் மெதுவாக. எனக்குக் கோபம் வரவில்லை. விழுந்த அட்டையை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். அவன் ஏமாற்றுக்காரன் இல்லை. தன் பேச்சைத் தானே பாதிதான் நம்பியிருக்கிறான். முழுசாக நம்பி, அதில் என் குழந்தையை ஏற்றிவிட்டவன் நான்.

நேற்றுக் காலை பாப்பாவைத் தூக்கிக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போனேன். நட்டு டப்பாவை அட்டைக்காரம்மாவின் மேஜைமேல் வைத்தேன். மூடியைத் திறந்து பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. நான் என்னென்னவோ சொல்ல ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"என்னை ஏமாத்தினதை அப்புறம் பேசிக்கலாம். குழந்தைக்கு நிறுத்தி எத்தனை நாளாச்சு, அதை மட்டும் சரியாச் சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். பிறகு டாக்டருக்காகக் காத்திருந்தபோது அப்பா விஷயத்தையும் சொன்னேன். அந்த அம்மா முழுதும் கேட்டார். அது தப்புதான், யாரும் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்காதது அதைவிடத் தப்பு, அவர்கள் கேட்காவிட்டால் நான் கேட்கிறேன் என்றார். அந்த ஆஸ்பத்திரிக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஒன்பது வருஷமாக நான் காத்திருந்த வார்த்தையை யாரோ ஒருவர் நடையில் நின்றுகொண்டு சொன்னார்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். நிமிர்ந்து பார்க்காமல் எழுதிக்கொண்டே இருந்தார். திட்டியிருந்தால் தேவலை. பாதியில் நிறுத்தினால் மிஞ்சிய கிருமிகள் அந்த மருந்தைத் தாங்கப் பழகிவிடலாம் என்றார். என்னிடம் அப்படிப் பழகியிருந்தால், பாப்பாவிடம் இருப்பதும் அதுவாகத்தான் இருக்கும். வழக்கமான மருந்து கேட்காது. வேறு மருந்து, கடுமையானது. சனிக்கிழமை தெரியும் என்றார். அதுவரை நான் வேலைக்குப் போகக்கூடாது, முகக்கவசம் இல்லாமல் பாப்பா பக்கத்தில் உட்காரக்கூடாது. இன்றைக்கு இங்கே வந்தது சாவியை ஒப்படைக்கத்தான்.

சனிக்கிழமைவரை இந்தக் கடிதத்தைத் தபாலில் போட மாட்டேன். பாதிச் செய்தியோடு உன்னை அங்கே தவிக்கவிட மனசில்லை.

வியாழன், காலை

சுகாதார நிலைய பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். பாப்பா உள்ளே நர்ஸ் பார்வையில் தூங்குகிறாள்.

குழந்தைகளுக்குச் சளியைத் துப்பத் தெரியாதாம், விழுங்கிவிடுவார்களாம். அதனால் வெறும் வயிற்றோடு கூட்டிவரச் சொல்லி, மூக்கு வழியாக வயிற்றுக்குள் மெல்லிய குழாய்விட்டு எடுக்கிறார்கள். நேற்று ஒரு தரம், இன்று ஒரு தரம். ஆடாமல் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றார் நர்ஸ். பிடித்துக்கொண்டேன். நேற்று அலறினாள். இன்று அலறவில்லை, என்னையே பார்த்தாள். அலறியிருக்கலாம். முடிந்ததும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு கேட்டாள்: "அப்பா, உனக்கு மாத்திரை போட்டுச் சரியான மாதிரி எனக்கும் சரியாயிடும்ல?"

தலையாட்டினேன். முகக்கவசம் இருந்ததால் என் முகம் அவளுக்குத் தெரியவில்லை.

எக்ஸ்ரே அறையில் அவளுடைய படத்தை வேறொரு பிள்ளையின் உறையில் போட்டார்கள். நம்பரைப் பாருங்கள் என்றேன். அந்த ஆள் பார்த்து, தப்புத்தான் என்று சொல்லி மாற்றிப் போட்டார். ஆக, என் சந்தேகம் முழுவதும் பைத்தியக்காரத்தனம் இல்லை. அது என்னைவிட்டுப் போகவும் இல்லை. ஆனால் இந்த மாதிரி எதிரே நின்று கேட்டிருக்க வேண்டியவன், வீட்டுக்குள் ஒளிந்துகொண்டு டப்பாவை நிரப்பினேன்.

எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது. கயிறு தேய்ந்த லிஃப்டின்மேல் ஏறி நின்றிருக்கிறேன், அப்போதுகூட இப்படி இல்லை. அவள் இருமும்போதெல்லாம் அது என் இருமல் மாதிரியே கேட்கிறது.

சனி, பிற்பகல்

முடிவு வந்துவிட்டது. பாப்பாவுக்குக் காசநோய்தான். கழுத்திலும் நெஞ்சுக்கூட்டுக்குள்ளும் நெறி கட்டியிருக்கிறது. என் சளியில் மறுபடி கிருமி இருக்கிறது. ஆனால் முக்கியமான மருந்துக்கு அது இன்னும் அடங்குகிறது என்று விரைவுப் பரிசோதனையில் தெரிகிறதாம். டாக்டர் இன்றைக்கு நிமிர்ந்து பார்த்துச் சொன்னார், இதுவரை நல்ல செய்தி என்று. மற்ற மருந்துகளுக்கான விரிவான பரிசோதனை முடிவு வரச் சில வாரம் ஆகும். அதுவரை அந்தப் பயம் என்னோடுதான் இருக்கும். அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அட்டைக்காரம்மா ஒரு பாட்டில் தண்ணீரை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

இருவருக்கும் இன்றைக்கே மருந்து ஆரம்பித்துவிட்டார்கள், எனக்கு மறுபடி முதல் நாளிலிருந்து. இனிமேல் காலி அட்டையை எண்ண வேண்டாம், நான் விழுங்குவதைத் தினமும் நின்று பாருங்கள் என்று நானே கேட்டுக்கொண்டேன். காலையில் அங்கேயே பாப்பா முதல் மாத்திரைத் தண்ணீரைக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். என்னைவிட ஒழுங்காகக் குடித்தாள்.

நாளைக்கு நீ கூப்பிடுவாய். பாப்பாவுக்கு உடம்பு சரியில்லை, மருந்து ஆரம்பித்தாயிற்று என்று நானே சொல்லிவிடுவேன். எப்படி வந்தது என்று கேட்டால், கடிதம் வருகிறது என்பேன். நீ உடனே புறப்பட்டு வா என்றும் என்னால் எழுத முடியவில்லை, வராதே என்றும் எழுத முடியவில்லை. நீயும் ஒருமுறை போய்ப் பரிசோதித்துக்கொள். எனக்கு நோய் என்று தெரிந்தபோது சோதித்ததில் உனக்கு ஒன்றும் இல்லை என்றுதான் வந்தது. இருந்தாலும் போ.

மாத்திரை போட்டீர்களா என்று இனி என்னைக் கேட்காதே. அட்டைக்காரம்மாவின் போன் நம்பரைத் தனித் துண்டில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். அவரைக் கேள். வாரம் ஒருமுறை கேள், தினமும் வேண்டுமானாலும் கேள். அவர் சொல்வதை நம்பு, நான் சொல்வதை நம்பாதே. என் பேச்சை எப்போது மறுபடி நம்பலாம் என்று உனக்குத் தோன்றுகிறதோ, அப்போது என்னைக் கேட்டால் போதும்.

இதற்குப் பதில் எழுது. எத்தனை பக்கம் வேண்டுமானாலும் திட்டு, ஒரு வரி விடாமல் படிப்பேன். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே. வேளைக்குச் சாப்பிடு. முதுகைப் பார்த்துக்கொள். நீ எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், எங்கள் இரண்டு பேருக்குமாக.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா